ஐம்பத்தெட்டாயிரத்தாவது பெண்

தணிகாசலம் அந்தப் பொய்யை வாயால் சொல்லவில்லை. காலால் சொன்னான்.

ஜூன் மாதம். தெலுங்கு நாட்டுக்குள் தமிழ் பேசும் ஊரான வேலாங்கண்டிகையில் பெங்களூரா மாங்காய் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நகரி மலையின் மூக்கு வெயிலில் வெளுத்துக் கிடந்தது. மரத்துக்கு மரம் ஆள் ஏறி, வலை கட்டின கொம்பால் காயை வாங்கி இறக்க, கீழே தணிகாசலம் காம்பைக் கிள்ளிப் பால் வடியவிட்டுக் கிரேட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான். மாம்பால் பட்டுப் பட்டு அவன் முன்னங்கை இரண்டும் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. அந்த நேரத்தில்தான் திருப்பதியிலிருந்து மச்சான் பாஸ்கர் போன் செய்தான். பாஸ்கர் அங்கே ஒரு கோச்சிங் சென்டரில் ஃபிசிக்ஸ் வாத்தியார்.

"மாமா, நம்ம புள்ள யானி எம்செட் பரீட்ச ரிசல்ட்டு வந்துட்ச்சி. எழுதிக்கோ."

மாந்தோப்பில் காகிதத்துக்கு எங்கே போவது? தணிகாசலம் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு மண்ணில் குந்தினான்.

"சொல்லு பாஸ்கரு."

"அஞ்சு, எட்டு, ஆறு, ரெண்டு, சைபரு."

எழுதிவிட்டு ஒரு தடவை பார்த்தான். "மார்க்கா?"

"மார்க்கு எங்கன்னா அவ்ளோ வருமா மாமா? ராங்க்கு. ஐம்பத்தெட்டாயிரத்து அறுநூத்தி இருபது."

"இது நல்லதா, கெட்டதா?"

"அக்ரி சீட்டு, வெட்னரி சீட்டு ஒன்னியும் வராது மாமா. நான் அப்பால பேசறேன். புள்ளய ஒன்னியும் சொல்லாத" என்று வைத்துவிட்டான்.

தணிகாசலம் எழுந்து நின்றான். இரண்டு வருஷம் திருப்பதியில் ஹாஸ்டலில் விட்டு இன்டர், அதாவது பிளஸ் டூ, படிக்கவைத்து, எம்செட் எண்ட்ரன்ஸ் எழுதவைத்த பெண் தேவயானி. போன பொங்கலுக்கு மாடு குளிப்பாட்டும்போதுகூட, "எம் பொண்ணு மாட்டு டாக்டரு ஆயிடுவா, அப்பால ஊசிக்கு நகரிக்கு ஓட வேணாம்" என்று ஏரிக்கரையில் எல்லாரிடமும் சொல்லியிருந்தான். மாட்டிடமும் சொல்லியிருந்தான்.

"ஏம்பா, போன்ல யாரு? பாப்பா ராங்க்கா?"

பக்கத்துத் தோப்பு நாகபூஷணம் வரப்பேறி வந்துகொண்டிருந்தார். பழைய சர்பஞ்ச், பஞ்சாயத்துத் தலைவர். நல்ல மனுஷர், ஆனால் அவர் காதில் விழுந்தது மாலைக்குள் ஊருக்கே விழுந்துவிடும். தணிகாசலம் ஓரடி பின்வாங்கினான். செருப்பில்லாத வலது கால் தானாக அந்தச் சைபரின் மேல் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது.

நாகபூஷணம் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மண்ணைப் படித்தார். "ஐயாயிரத்து எண்ணூத்தி அறுபத்திரெண்டு! பலே பாப்பா! அட, நம்ம ஊருக்கு இதுவரைக்கும் யாரு வாங்கிக்கீறாங்க? மா ஊரி பங்காரம்பா அது, நம்ம ஊரு தங்கம்!" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

தணிகாசலம் தலையை ஆட்டினான். கால் கீழே மண் சுட்டது. எடுக்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது தாட்சாயணி களி கிண்டிக்கொண்டிருந்தாள். தேவயானி அம்மியில் வேர்க்கடலைச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் செய்தி தெரியும். முகத்தில் அழுத தடமில்லை.

"தெரியும் நைனா, இவ்ளோதான் வரும்னு. கேள்வி நெறைய. பாதிக்கு மேல படிக்கவே நேரமில்ல. மிச்சத்துக்கு கண்ண மூடிக்கினு குத்திட்டேன்."

"ஏம்மா, மூணு மணி நேரம் குடுத்தாங்கல்ல?"

"குடுத்தாங்க." அவள் சட்னியை வழித்து எடுத்தாள். "அஞ்சாவது வரைக்கும் நம்ம ஊர்ல தமிழு. அப்பால நகரில தெலுங்கு. இன்டர்ல இங்கிலீசு. கேள்விய இங்கிலீசுல படிச்சி, தெலுங்குல புரிஞ்சிக்கினு, தமிழ்ல யோசிக்கிறேன். அதுக்குள்ள பெல் அடிச்சிடறான்."

தாட்சாயணி களியை உருட்டித் தட்டில் போட்டாள். "துன்னுங்க மொதல்ல. ராங்க்கு எங்கியும் ஓடிப்போவாது."

சாப்பிடும்போது தேவயானி ஒரு சங்கதி சொன்னாள். பெங்களூர் தாண்டி ஒரு காலேஜ் இருக்கிறதாம். கொஞ்சம் பேரைத்தான் சேர்ப்பார்களாம். செடி, பூச்சி, மிருகம் பற்றி நாலு வருஷப் படிப்பு. எண்ட்ரன்ஸ் மார்க்கைக் கேட்பார்கள், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யமாட்டார்கள். கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பார்கள். முடியாதவர்களுக்கு ஃபீஸ் கிடையாது. இன்டரில் பாட்டனி எடுத்த மேடம்தான் சொன்னார்களாம். தேவயானி பரீட்சைக்கு முன்னாலேயே அப்ளிகேஷன் போட்டுவிட்டாள். இன்றைக்கு ராங்க்கையும் ஏற்றிவிட்டாள்.

"இத்தினின்னேவா போட்ட?" என்று கேட்டான் தணிகாசலம்.

"பின்ன எத்தினின்னு போடறது?"

அவன் களியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான்.

அடுத்த வாரம் காய் ஏற்றிக்கொண்டு ஃபேக்டரிக்குப் போனான். சித்தூர் ரோட்டில் ஜூஸ் ஃபேக்டரி வாசலிலிருந்து கண்ணுக்கெட்டின தூரம் டிராக்டர் வரிசை. வெயிலில் காய் வெதும்பிப் புளிச்ச வாடை அடித்தது, ஈ மொய்த்தது. ஆட்கள் டிரெய்லருக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்திருந்தார்கள். ஊர்க்காரன் ஒருவன் இரண்டு வண்டி தள்ளி இருந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "ஐயாயிரம் ராங்க்காமே! சொல்லவே இல்ல பாத்தியா!" வரிசையில் இருந்த தெலுங்குக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார். தணிகாசலம் அந்த டீயைக் குடித்தான். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவனுக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் மதியம் தாட்சாயணியும் தேவயானியும் பஸ் பிடித்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். சாயங்காலம் காயை இறக்கிவிட்டு மூன்று பேரும் காலி வண்டியில் திரும்பினார்கள். பெண்கள் இரண்டு பேரும் டிரெய்லரில் சாக்கின் மேல் உட்கார்ந்து ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். மேல்காற்று வீசிக்கொண்டிருந்தது. தணிகாசலத்துக்கும் மனசு கொஞ்சம் இளகிப் பாட்டு வரும்போல இருந்தது.

கூட்டுரோட்டில் திரும்பினதும் பிரேக்கை மிதித்தான்.

பஸ் ஸ்டாப்பின் மேல் ஒரு ஃப்ளெக்ஸ். ஒரு ஆள் உயரத்துக்கு தேவயானி. இன்டர் ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த போட்டோ, எங்கிருந்து பிடித்தார்களோ. பக்கத்தில் கும்பிட்டபடி நாகபூஷணம். தெலுங்கிலும் தமிழிலும் வாழ்த்து. நடுவில் மஞ்சள் எழுத்தில், எம்செட் ராங்க் 5862.

"இன்னாய்யா இது?" தாட்சாயணி எழுந்து நின்று கண்ணைச் சுருக்கிப் படித்தாள். "ஒரு நம்பர வுட்டுட்டானுங்க பாரு. நாகபூஷணம் அண்ணனுக்கு கண்ணும் போச்சி."

தேவயானி ஃப்ளெக்ஸைப் பார்க்கவில்லை. அப்பன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் திரும்பவில்லை. திரும்பாததிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

அவள் கீழே குதித்தாள். வண்டியின் டூல்ஸ் பெட்டியில் கிரேட்டுகளில் பேர் எழுதும் கறுப்புப் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும் இருந்தன. எடுத்துக்கொண்டு போய் பஸ் ஸ்டாப் சிமெண்ட் பெஞ்சில் ஏறினாள். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கிளாஸைக் கையில் வைத்தபடி பார்த்தார்கள். இரண்டுக்குப் பக்கத்தில் ஒரு சைபர் போட்டாள். நிதானமாக, ரங்கோலிக்குப் புள்ளி வைக்கிறதைப் போல. கீழே இறங்கித் தள்ளி நின்று பார்த்தாள். பெயிண்ட் வழியாமல் நின்றது.

பிரஷ்ஷைக் கொண்டுவந்து பெட்டியில் வைத்தாள். பிறகு சொன்னாள்:

"ராங்க் வரலன்னு எனுக்கு வெக்கமில்ல நைனா. உனுக்கு வெக்கமா இருந்துச்சில்ல, அதான் எனுக்கு வெக்கம்."

சொல்லிவிட்டு வண்டியில் ஏறாமல் நடந்தே போனாள். தாட்சாயணி புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கி மகளோடு நடந்தாள். தணிகாசலம் டிராக்டரை அவர்களுக்குப் பின்னாலேயே முதல் கியரில் ஓட்டிக்கொண்டு போனான். முன்னால் போகவும் வரவில்லை, நிறுத்தவும் வரவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் நாகபூஷணம் வந்தார். வாசல் கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"ஏம்பா, நான் என் கண்ணால பாத்தனே. மண்ணுல நாலு நம்பர்தான இருந்துச்சி?"

"அஞ்சாவது என் காலுக்கு கீழ இருந்துச்சிண்ணா."

நாகபூஷணம் அவன் காலைப் பார்த்தார். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தான் தணிகாசலம். அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

"அடப்பாவி. ஒரு சைபருக்காடா?" என்று சிரித்துவிட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "பாப்பா, காலைல ஆள வுட்டு அத்த எடுத்துடறேன்மா. தப்பா நெனைச்சிக்காத."

தேவயானி வாசலுக்கு வந்தாள். "வேணாம் பெரிப்பா. இருக்கட்டும். போட்டோ நல்லாக்கீது."

அன்றிலிருந்து அவள் அப்பனோடு பேசவில்லை. கோபமாக எதுவும் செய்யவில்லை. தட்டு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், தோப்பில் கிரேட்டைக் கூடத் தூக்கினாள். பேச்சு மட்டும் இல்லை. "அம்மா, நைனாவ துன்ன வரச்சொல்லு" என்று அவன் பக்கத்தில் நின்றுகொண்டே சொல்வாள். ஊரில் ஆளுக்கொன்று பேசினார்கள். ஃபேக்டரி வரிசையில் டீ வாங்கிக் கொடுத்தவர் என்ன நினைப்பார் என்று தணிகாசலத்துக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் வேப்பங்குச்சியோடு கொல்லையில் நின்றுகொண்டே இருப்பான்.

ஒரு நாள் பாஸ்கர் வந்தான். லாங் டேர்ம் கோச்சிங்கில் சேர்த்து இன்னொரு வருஷம் எழுதவைக்கலாம் என்று அவன் யோசனை.

"எங்க சென்டர்லயே பாதி ஃபீஸுக்கு பேசறேன் அக்கா. இவ மூளைக்கு குறைச்சலில்ல. ஸ்பீடுதான் இல்ல. ஸ்பீட ஏத்திடலாம்."

"எப்பிடி மாமா ஏத்துவீங்க?" என்று தேவயானி கேட்டாள்.

"தெனம் ஒரு டெஸ்ட்டு. கேள்விய பாத்ததும் ஆன்சரு கண்ணுக்கு தெரியணும். யோசிக்கவே கூடாது."

"யோசிக்கக் கூடாதுன்னா நான் எதுக்கு மாமா படிக்கணும்?"

பாஸ்கருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த பெங்களூரு காலேஜ நம்பிக்கினு கீறியா? அங்க நாலாயிரம், அஞ்சாயிரம் ராங்க்குக்காரனே கியூல நிப்பான். உன்ன கூப்பிட மாட்டாங்க யானி. நான் ஆசைக்கு சொல்லல."

ஆனால் கூப்பிட்டார்கள். மாதக் கடைசியில் மெயில் வந்தது. திருப்பதியில் ஒரு ஓட்டல் ஹாலில் பேட்டி. பெற்றோரில் ஒருவர் கூட வரவேண்டும்.

"அம்மா, நீ வா" என்றாள் தேவயானி.

தாட்சாயணி புளிச்சக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்: "நான் வரமாட்டேன். எனுக்கு பஸ்ஸு ஒத்துக்காது. உங்க நைனா வருவாரு."

போன வாரம் இரண்டு பஸ் மாறி ஃபேக்டரிக்குச் சோறு தூக்கிக்கொண்டு வந்தவள் அவள். மகளும் அதைச் சொல்லவில்லை, புருஷனும் சொல்லவில்லை.

புத்தூரிலிருந்து திருப்பதி பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வாயே திறக்காமல் போனார்கள். தணிகாசலம் கல்யாணத்துக்கு எடுக்கும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். மாம்பால் கறுப்பு தெரியாமலிருக்க முழுக்கையை மணிக்கட்டு வரை இறக்கிவிட்டிருந்தான். ஹாலில் ஏசி. வந்திருந்த பிள்ளைகள் எல்லாம் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள்; அவர்களுடைய அப்பன்மாரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். தணிகாசலம் ஒரு மூலை நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தான்.

தேவயானி உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் போனவர்கள் வந்துவிட்டார்கள். அவள் வரவில்லை. ஓட்டல் பையன்கள் டீ கொடுத்து, கப்பைத் திரும்ப எடுத்தும் போய்விட்டார்கள். ஒருவேளை மயக்கம் போட்டுவிட்டாளா என்று இவன் எழுந்து கதவுவரை போய்த் திரும்பினான். கடைசியில் கதவு திறந்தது. தேவயானி தலையை நீட்டி, "நைனா, உன்ன கூப்பிடறாங்க" என்றாள். இத்தனை நாளில் அவனைப் பார்த்து நேராகச் சொன்ன முதல் வார்த்தை. அவன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனான்.

மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு இளவயசு சார். பக்கத்தில் நரைத்த தலை அம்மா ஒருத்தி. அந்த அம்மா வேலூர்ப் பக்கமாம். நல்ல தமிழில் உட்காரச் சொன்னாள்.

"உங்க பொண்ணு ராங்க் ரொம்பப் பின்னாடி இருக்கு. ஏன்னு அவளே சொல்லிட்டா. உங்ககிட்ட வேற கேக்கணும். அந்த ராங்க் வந்த அன்னிக்கு வீட்ல என்ன நடந்துது? நீங்க என்ன பண்ணீங்க?"

இதற்குத் தணிகாசலம் பதில் வைத்திருந்தான். பாஸ்கர் போனில் சொல்லிக்கொடுத்திருந்தான்: நாங்க தைரியம் சொன்னோம், அவ விருப்பத்துக்கு ஆதரவா இருந்தோம். பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் நூறு தடவை சொல்லிப் பார்த்திருந்தான். வாயைத் திறந்தான். பக்கத்தில் பெண் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தைரியம் என்கிற வார்த்தை வரவில்லை.

"நான் அத்த கால்ல மறைச்சிட்டேங்க" என்றான்.

"எதை?"

"கடைசி சைபர."

அப்புறம் நிறுத்தமுடியவில்லை. மண், குச்சி, நாகபூஷணம், வரிசையில் குடித்த டீ, ஃப்ளெக்ஸ், கறுப்புப் பெயிண்ட் எல்லாம் வந்துவிட்டது. அந்த இளவயசு சார் பாதியில் பேனாவை வைத்துவிட்டார். "பெஞ்சு மேல ஏறி ஊரே பாக்க போட்டுச்சிங்க. எனுக்கு அன்னிக்கு அழுவை வந்துச்சி. வெக்கத்துலன்னு நெனைச்சேன். இல்லீங்க. எங்க வூட்ல இத்தினி தைரியமா ஒரு ஆளு கீதுன்னு எனுக்கு தெரியவே தெரியாது. நானா இருந்தா ராத்திரில போயி கிழிச்சிப் போட்டிருப்பேன்." மூச்சு வாங்கியது. "தப்பு எம்மேலதாங்க. புள்ள எல்லாத்தயும் உள்ளது உள்ளபடிதான் எழுதிக்கீது. அத்த வெச்சி அதுக்கு ஒன்னும் கொறைச்சிடாதீங்க."

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சார் தண்ணீர் கிளாஸை அவன் பக்கம் நகர்த்தினார். "சரிங்க, போய்ட்டு வாங்க. சொல்றோம்" என்றார்கள். அவ்வளவுதான்.

வெளியே வந்து இரண்டு பேரும் வெயிலில் நடந்தார்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மெஸ்ஸில் போய் உட்கார்ந்தார்கள். தணிகாசலம் இலையில் விழுந்த சோற்றைத் தொடவில்லை.

"கெடுத்துட்டனாம்மா?"

தேவயானி பருப்புப் பொடியில் நெய்யை ஊற்றிப் பிசைந்தாள். "தெரியல நைனா."

"உன்ன ஏன் அவ்ளோ நேரம் வெச்சிக்கினாங்க?"

"ஒரு பக்கம் குடுத்தாங்க. குளவி கூடு கட்டறத பத்தி. படிச்சி, உனுக்கு தோணற கேள்விய எழுதுன்னாங்க. எவ்ளோ நேரம்னு கேட்டேன். முடிக்கிற வரைக்கும்னாங்க." அவள் பிசைவதை நிறுத்தினாள். "அப்பிடி எங்கிட்ட இதுவரைக்கும் யாருமே சொன்னதில்ல நைனா. எனுக்கு எழுதவே வரல கொஞ்ச நேரம். அப்பால தமிழ்லயே யோசிச்சேன், மெதுவா."

சீட்டு கிடைக்காவிட்டால்கூட இது போதும் என்கிற மாதிரி இருந்தது அவள் முகம். பிசைந்ததில் பாதியை எடுத்து அப்பன் இலையில் வைத்தாள். "துன்னு. வெறும் வயித்துல வெயில்ல பூடுவ."

அவன் சாப்பிட்டான். காரம் கண்ணில் ஏறியது என்று சொல்லிக்கொண்டான்.

ஜூலையில் மழை பிடித்தது. தோப்பில் காய் முடிந்து, மரத்தடியில் கொட்டைகள் முளைவிடத் தொடங்கின. ஒரு மத்தியானம் தாட்சாயணி ஓட்டில் ஒழுகும் இடத்துக்குப் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தபோது, தேவயானி போனைப் பார்த்துக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தாள். தாய்க்காரி பதறிப்போய்ப் பாத்திரத்தை நழுவவிட்டாள். சீட்டு கிடைத்திருந்தது. முதல் ஆறு மாதம் இங்கிலீஷ் வகுப்புக்குத் தனியாக வரவேண்டும், ஃபீஸ் இல்லை. தணிகாசலம் மழையில் இறங்கி நாகபூஷணம் வீட்டுக்கு ஓடினான். பாதி வழியில் நின்றான். திரும்பி வந்தான்.

"நீயே போயி சொல்லும்மா. நான் சொன்னா நம்ப மாட்டாங்க" என்றான்.

ஆகஸ்டில் அப்பனும் மகளும் ரேணிகுண்டாவில் பெங்களூர் ரயில் ஏறினார்கள். தாட்சாயணி எலுமிச்சஞ்சோறும் வேர்க்கடலை உருண்டையும் கட்டிக் கொடுத்துவிட்டு, பிளாட்பாரத்தில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ரயில் நகர்ந்ததும் தேவயானி ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டாள். நகரி மலையின் பக்கமாக அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது இந்தப் பாதையில் தெரியாது என்று தணிகாசலம் சொல்லவில்லை.

சித்தூர் தாண்டினதும் எதிர் சீட்டுக்காரர் பேச்சுக் கொடுத்தார். ஏதோ ஆபீஸில் வேலை பார்க்கிறவர். மகன் எம்செட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கிறானாம். பெண் எந்தக் காலேஜ் என்று கேட்டார். தணிகாசலம் பேரைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அட, அங்க சீட்டு கெடைக்கறது லேசில்லயே! என்ன ராங்க் பாப்பா?"

தேவயானி திரும்பினாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் தணிகாசலம் சொன்னான். பக்கத்துச் சீட்டுக்கும் கேட்கிற குரலில், ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி:

"ஐம்பத்தெட்டாயிரத்து அறுநூத்தி இருபதுங்க."

அந்த மனுஷர் முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "டொனேஷன் எவ்ளோ குடுத்தீங்க?"

"ஒன்னியும் இல்லீங்க. கூப்பிட்டு பேசினாங்க. குடுத்துட்டாங்க."

"சரி சரி, சொல்ல வேணாம். எனக்குப் புரியுது" என்று அவர் கண்ணைச் சிமிட்டினார்.

"இல்லீங்க, சாமி சத்தியமா!" தணிகாசலம் பாதி எழுந்துவிட்டான். "உள்ளதத்தாங்க சொல்றேன்!"

தேவயானிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், தோள் குலுங்கிற்று, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரேணிகுண்டாவிலிருந்து தேக்கிவைத்திருந்த அழுகையும் அதனோடு சேர்ந்துகொண்டது. எதிர் சீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அவள் அப்பன் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"வுடு நைனா" என்று அந்தக் கறுத்த கையை விடாமல் வைத்துக்கொண்டாள். "எனுக்கு தெரியும்ல, போதும்."